படிக்கட்டில் விட்ட நீள மூச்சு

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவளை எல்லோரும் மூச்சு டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் தபால்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரும் போகப் போக, "மூச்சு டீச்சருக்கு ஒரு கவர்!" என்று கீழே நின்றே குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. டீச்சர் என்று கூப்பிடுகிறார்களே என்று உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துகூடப் போயிருந்தாள்.

அதற்கு முன்னால் அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். ஜன்னல் இல்லாத அறை, காதில் மாட்டிய கருவி, எதிரே மினுக்கும் பொத்தான்கள். வருஷக்கணக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில் அவளுக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. அழைத்தவர் வாயைத் திறப்பதற்குள் மூச்சைக் கேட்டே ஆளை எடைபோட்டுவிடுவாள். படியேறி ஓடிவந்து பேசுகிறவரின் மூச்சு ஒரு மாதிரி, அழுகையை விழுங்குகிறவரின் மூச்சு வேறு மாதிரி, சண்டை போடவே நம்பரைச் சுழற்றியவரின் மூச்சு இன்னொரு மாதிரி. "மொதல்ல ஒரு தடவ மூச்ச நல்லா விடுங்க, அப்புறம் சொல்லுங்க" என்பாள். விட்டுவிட்டுச் சொல்வார்கள். பாதிச் சண்டை அந்த ஒரு மூச்சிலேயே அடங்கிப்போகும்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் பதிவு செய்த குரல் வந்தது. அதற்குச் சம்பளம் வேண்டாம், தேநீர் இடைவேளை வேண்டாம், யார் எப்படித் திட்டினாலும் ஒன்றை அழுத்தச் சொல்லும், இரண்டை அழுத்தச் சொல்லும். இவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். வேலை போன பிறகு நேரம் பார்த்து என்ன செய்வது என்று கொடுத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் சும்மா உட்காரும் ஜாதி அல்ல அவள். மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் ஓர் இடத்தில் சேர்ந்து முறையாகக் கற்றுக்கொண்டு, கட்டடத்தின் பொது அறையில் காலை வகுப்பு தொடங்கினாள். மடக்கி வைத்த டேபிள் டென்னிஸ் மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய்களை விரிப்பார்கள். கழுத்து, தோள், இடுப்பு என்று உடம்பைத் தளர்த்திக்கொண்டபின் நீள மூச்சு. மெதுவாக இழுக்க வேண்டும், இழுத்ததைவிட மெதுவாக விட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. வந்தவர்களுக்குத் தூக்கம் நன்றாக வந்தது, சிலருக்கு வகுப்பிலேயே வந்துவிட்டது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது கட்டிய கணவரே ஒரு கேள்வி கேட்டுக் காரியத்தைக் கெடுத்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

"மூச்ச மெதுவா விட்டா பிரஷர் இறங்கும்ங்கறியே, எப்படி இறங்குது? எந்த வால்வு திறக்குது, எது மூடுது?"

"இறங்கும்ங்க. எல்லாருக்கும் இறங்குது."

"இறங்குதுன்னு சொல்றது சரி. எதனால?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். அவர் கேட்டதை மறந்து அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அவளால் மறக்க முடியவில்லை. தெரியாமல் சொல்லித் தந்துகொண்டிருக்கிறோம் என்பது செருப்பில் புகுந்த சிறு கல்லாக உறுத்தியது. அடுத்த மாதமே, மனித உடலியங்கியலும் மக்கள் நலமும் சொல்லித்தரும் மாலைநேரக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். மூச்சு, உணவு, தூக்கம், மருந்து எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று சண்டையில்லாமல் சேர்த்துப் பார்க்கும் ஒருங்கிணைந்த நலவாழ்வு என்ற பாடமும் அதில் இருந்தது. அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தாள்.

முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள், பேராசிரியை என்று நினைத்து. "உட்காருங்கப்பா, நானும் உங்க ஜாதிதான்" என்று சொல்லிக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பின்னால் உள்ளே வந்த உண்மையான பேராசிரியைக்கோ இவளுக்கு மகளாகும் வயதுதான் இருக்கும்.

படிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் கட்டடத்தில் முதலில் சிரித்தவர் நாத்தனார்தான். கணவரின் அக்கா. இரண்டு மாடி கீழே குடியிருந்தார். தரைத்தளத்தில் தையற்கூடம் வைத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் சீருடை தைத்துக்கொடுப்பவர். கையில் கத்தரிக்கோலும் வாயில் அதைவிடக் கூரானதும் எப்போதும் தயாராக இருக்கும்.

"இந்த வயசுல படிப்பா? தண்ணி பாட்டில கழுத்துல கட்டி விடவா? ரிப்பன் வேணுமா?"

"ரிப்பன் வேண்டாம் அண்ணி. புத்தகம் வைக்க ஒரு பைதான் இல்ல."

"அதான பார்த்தேன். ஓசியில பை தைக்கறதுக்கு ஒரு நாத்தனார் கெடச்சா."

அன்று சாயங்காலமே பை வந்து சேர்ந்தது. சீருடைத் துணியில் மிஞ்சியதை வைத்து, உள்ளே மூன்று அறைகள் பிரித்து, பேனாவுக்குத் தனி இடம் விட்டு, தோள்பட்டை அறுக்காமல் இருக்கப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார். "துணி வீணாப் போகுதேன்னு தச்சேன்" என்றார். டீச்சர் அதை அப்படியே நம்பினாள். உடம்புக்குள் ஓடும் நரம்பைப் பற்றியெல்லாம் படிக்கக் கிளம்பியவளுக்குப் பக்கத்தில் இருக்கும் மனுஷியைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

படிப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. கழுத்து ரத்தக்குழாயின் சுவரில் நரம்பு முனைகள் காவல் இருக்கின்றன, குழாய் விரியும்போதெல்லாம் மூளைக்குச் சேதி போகிறது, மூளை இதயத்தைக் கொஞ்சம் மெல்லப் போகச் சொல்கிறது, நீளமாக மூச்சு விடும்போது அந்த உத்தரவு பலப்படுகிறது. இதைப் படித்த அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "வால்வு இல்லங்க, நரம்பு!" என்றாள். அவர் எந்தக் கேள்விக்குப் பதில் இது என்று தெரியாமல் விழித்தார்.

"கொஞ்ச நேரத்துக்குத்தான் இறங்கும். அப்புறம் பழைய இடத்துக்கே வந்துரும். தினமும் செஞ்சா நிரந்தரமா இறங்குமான்னுதான் இன்னும் சரியாத் தெரியல."

"அப்ப அதக் கண்டுபிடி" என்றார் அவர், சர்வசாதாரணமாக.

இன்னொரு குத்து பேராசிரியையிடமிருந்து வந்தது. தன் வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் நலமாக இருக்கிறார்கள் என்று இவள் ஒரு நாள் தம்பட்டம் அடிக்க, பேராசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வராதவங்க எப்படி இருக்காங்க?" என்றாள். வராதவர்களைப் பற்றி இவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. நலமாக இருப்பவர்கள்தானே காலையில் எழுந்து வகுப்புக்கே வருகிறார்கள்!

ஆகவே களப்பணிக்குக் கட்டடம் முழுவதையும் எடுத்துக்கொண்டாள். வகுப்புக்கு வராதவர்களையும் கதவு தட்டிக் கூப்பிட்டாள். முதலில் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்ப்பது, பிறகு தினமும் நீள மூச்சு, இடையிடையே அளந்து பார்த்து, கல்லூரியின் ஒரு பருவம் முடிந்ததும் கடைசியாக ஒருமுறை. இறங்கியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதை வைத்துத்தான் பட்டம்.

பொது அறையில் எல்லோரையும் கூட்டி விளக்கினாள். நாத்தனார் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, குறை கண்டுபிடிக்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறவங்க?" என்றார்.

"அவங்க தாராளமா மூச்சுப் பயிற்சிக்கு வரலாம் அண்ணி. என் ஆய்வுக் கணக்குல மட்டும் சேர்க்க முடியாது. இறங்கினா மாத்திரையால இறங்கிச்சா, மூச்சால இறங்கிச்சான்னு எனக்குத் தெரியாமப் போயிடும்."

"அப்படியா" என்றார் நாத்தனார். கொஞ்சம் யோசித்தார். "என்னச் சேர்த்துக்கோ. நான் எந்த மாத்திரையும் சாப்பிடறதில்ல."

டீச்சருக்கு ஆச்சரியம். வேண்டாவெறுப்பாகக்கூட வகுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காதவர் தானாக வந்து சேர்கிறாரே! சேர்ந்ததோடு நிற்கவில்லை. யார் வரவில்லை என்று கதவு கதவாகப் போய் இழுத்து வந்தார். அளக்கும் நாளில் காவலாளி மேசைக்குப் பின்னால் இருந்த பார்சல் அறையில் டீச்சர் கருவியோடு உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்கள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து காத்திருப்பார்கள். அந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் வேலையையும் நாத்தனாரே எடுத்துக்கொண்டார். முன்பெல்லாம் அந்தப் படிக்கட்டு சந்தைக்கடையாக இரையும். இப்போது குண்டூசி விழுந்தாலும் கேட்கும். அண்ணி மிரட்டி வைத்திருக்கிறார் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

எண்கள் இறங்கின. ஒவ்வொரு முறையும் இறங்கின. நாத்தனாருடையதும் ஆபத்தில்லாத கோட்டுக்குள்ளேயே நின்றது. கடைசி அளவீடு முடிந்து வரைபடம் போட்டபோது கோடு சறுக்குமரத்தில் பிள்ளை இறங்குவது போல அழகாக இறங்கி வந்தது. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கோட்டைக் கணவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ரொம்ப ஒழுங்கா இருக்கே" என்றார்.

"பொறாமையா?"

"இல்ல. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு எல்லா லிஃப்டும் இப்படித்தான் ஒழுங்கா ஓடும்."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆய்வைத் தேர்வாளர்கள் முன்னால் எடுத்துச் சொல்ல வேண்டிய நாள் நெருங்கியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அளவீடெல்லாம் முடிந்திருந்தது. கருவியைக் கல்லூரியில் திருப்பிக் கொடுப்பதற்காகத் தோள்பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவள், மேல்கோட்டில் ஒரு பட்டன் தொங்குவதைப் பார்த்துத் தையற்கூடத்துக்குள் நுழைந்தாள்.

உள்ளே நாத்தனார் யாரிடமோ போனில் கரடியாகக் கத்திக்கொண்டிருந்தார். சட்டைக் கையின் நீளம் தவறு என்று ஒரு பள்ளிக்கூடம் மொத்தத்தையும் திருப்பி அனுப்பியிருந்தது. "அளவு கொடுத்தது நீங்கதானே? பிள்ளைங்க வளர்ந்துட்டா நான் என்ன செய்ய முடியும்!" போனை வைத்துவிட்டுப் பின்கழுத்தைப் பிடித்து அழுத்திக்கொண்டார். முகம் சிவந்திருந்தது.

"தலைவலியா அண்ணி?"

"தலைவலி எப்பவும் உள்ளதுதான். ஊசியில நூல் கோக்கறப்பத்தான் கண்ணு முன்னால என்னமோ பறக்குது. விளக்கு சரியில்ல."

விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. டீச்சர் பையைத் திறந்து கருவியை எடுத்தாள். அதைப் பார்த்ததும் நாத்தனார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"ஏய், ஏய், இன்னைக்கு அளக்கற நாள் இல்லையே! நான் ரெடியாகல!"

"ரெடியாக என்ன அண்ணி இருக்கு? கைய நீட்டுங்க."

பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினாள். பட்டை உப்பியது, மெல்லத் தளர்ந்தது, எண் வந்து நின்றது. மேல் எண் நூற்றெண்பதுக்கு மேலே.

கருவி பழுது என்றுதான் டீச்சர் முதலில் நினைத்தாள். தன் கையில் சுற்றி அளந்தாள். அவளுடையது அவளுடையதாகவே இருந்தது. போனில் கத்திய வேகத்தில் ஏறியிருக்கலாம், அதுவும் சரியான அளவு ஆகாது. நாத்தனாரை முதுகு சாய்ந்து உட்காரவைத்து, பாதங்களைத் தரையில் பதியச்செய்து, பேசக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பட்டையை மறுபடி சுற்றும்போது நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக இழுத்து, அதைவிட நீளமாக விட ஆரம்பித்தார்.

"அப்படி வேண்டாம் அண்ணி. சாதாரணமா விடுங்க."

"சாதாரணமா விட்டா ஏறிடுமே!"

சொன்ன பிறகுதான் நாத்தனாருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. டீச்சர் பட்டையைப் பிடித்த கையோடு அப்படியே நின்றாள்.

"என்ன சொன்னீங்க?"

பிடி கொடுக்காமல் கொஞ்ச நேரம் இழுத்தடித்தார் நாத்தனார். கடைசியில் உண்மை வந்தது. அளக்கும் நாளில் காலையிலிருந்து வேலை எதையும் தொடாமல் படுத்திருக்க வேண்டும், சாப்பாட்டில் உப்பு கூடாது, யாரிடமும் சண்டை கூடாது. படிக்கட்டுக்கு வந்ததும், டீச்சர் கூப்பிடும் வரை, வரிசை முழுக்கக் கண்ணை மூடி நீள மூச்சு. இதெல்லாம் முதல் அளவீடு முடிந்த பிறகு நாத்தனார் போட்ட சட்டம். மற்ற நாட்களில்? மற்ற நாட்களில் பாதிப் பேர் மூச்சுப் பயிற்சியை விட்டே மாதக்கணக்காகிறது. அளக்கும் நாளுக்கு மட்டும் கட்டடமே பரீட்சைக்குப் படித்துக்கொண்டு வந்திருக்கிறது!

டீச்சருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சாதாரண மூச்சில் மறுபடி அளந்தாள். கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் நூற்றெழுபதுக்குக் கீழே வர மறுத்தது.

"அத விடு. பட்டன் தொங்குதே, கோட்டக் கொடு" என்று பேச்சை மாற்றினார் நாத்தனார்.

மேசை மேல் பட்டன் டப்பா இருந்தது. டீச்சர் யதார்த்தமாகக் கையை நீட்டினாள்.

"அதத் தொடாதே!"

தொட்டுவிட்டாள். டப்பா கவிழ்ந்து கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டன்கள் உருண்டோட, அடியிலிருந்து மாத்திரை அட்டைகள் விழுந்தன. ஒன்றிலும் ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை. பெயரைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அதைப் பற்றி ஒரு பாடமே படித்துத் தேறியிருந்தாள்.

"எப்பலருந்து அண்ணி?"

"டாக்டர் கொடுத்து ரொம்ப வருஷமாச்சு. உங்க யார்கிட்டயும் சொல்லல. சொன்னா உன் புருஷன் என்னத் தைக்கவே விட மாட்டான்."

"சாப்பிடாம இருக்கறது எப்பலருந்துன்னு கேக்கறேன்."

நாத்தனார் உருண்ட பட்டன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

"நீ அன்னைக்குச் சொன்னியே. மாத்திரை சாப்பிட்டா கணக்குல சேர்க்க மாட்டேன்னு. அன்னையிலருந்து."

டீச்சர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் கோபமும் ஒரே சமயத்தில் வந்தன, கோபம்தான் முந்திக்கொண்டது.

"உங்களுக்குப் பைத்தியமா அண்ணி? ஏதாவது ஆகியிருந்தா? மூளையில ஒரு குழாய் வெடிச்சிருந்தா? யாருக்கு வேணும் இந்தக் கணக்கு?"

"எனக்கு வேணும்" என்றார் நாத்தனார். குரல் உயரவே இல்லை. "நீ படிக்கப் போறேன்னதும் மொதல்ல சிரிச்சவ நான்தானே. நான் சிரிச்சதப் பார்த்துத்தான் மத்தவங்களும் சிரிச்சாங்க. நீ தோத்துட்டா அந்தச் சிரிப்பு நிக்கவே நிக்காது. கோடு இறங்கணும்னு சொன்னே. மாத்திரைக்குப் பேர் போயிடக் கூடாது, உன் மூச்சுக்குத்தான் பேர் வரணும்னு விட்டுட்டேன். இதுல என்ன தப்பு?"

டீச்சர் எழுந்து, கோட்டைப் பட்டன் தைக்காமலே மாட்டிக்கொண்டு, தையல் மிஷின்களின் சுவிட்சை ஒவ்வொன்றாக அணைத்தாள். "கிளம்புங்க" என்றாள். நாத்தனார் வாழ்க்கையில் முதல்முறையாக எதிர்த்துப் பேசாமல் செருப்பை மாட்டினார்.

மாத்திரை எழுதிக்கொடுத்திருந்த டாக்டர் நிதானமானவர். திட்டவில்லை. ரத்தமும் கண்ணும் பரிசோதித்தார், ஈ.சி.ஜி. எடுத்தார். நல்லவேளையாகப் பெரிய சேதம் ஏதும் இல்லை. மாத்திரையை மறுபடி தொடங்கிவைத்தார். "மூச்சுப் பயிற்சி நல்லதுதான், விடாதீங்க. ஆனா அது மாத்திரைக்குத் துணை. மாத்திரைய வீட்ட விட்டுத் துரத்தறதுக்கு இல்ல" என்றார். அடுத்த வாரம் நாள் முழுக்க இடுப்பில் ஒரு சின்னக் கருவியைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும், அது அதுவாகவே அவ்வப்போது கையைப் பிடித்து அளந்துகொள்ளும் என்றும் சொன்னார். "அதுகிட்ட உங்க ஜம்பம் பலிக்காது" என்று நாத்தனாரைப் பார்த்துச் சிரித்தார். நாத்தனாருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

அன்று மாலை டீச்சர் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சறுக்குமரக் கோடு இன்னும் அழகாகவே இருந்தது. நாத்தனார் ஒருவரை மட்டும் எடுத்துவிட்டால்? கோடு அப்போதும் இறங்கத்தான் செய்யும். படிக்கட்டில் நடந்தது தேர்வாளர்களுக்கு எங்கே தெரியப் போகிறது? கட்டடத்தில் ஒருவரும் வெளியே சொல்லப் போவதில்லை, நாத்தனாரோ நாக்கை அறுத்தாலும் சொல்ல மாட்டார். இத்தனை வருஷ ராப்பகல் உழைப்பு, பட்டம், அதைச் சட்டம் போட்டு மாட்ட அவளே பார்த்து வைத்திருந்த சுவர், எல்லாம் அந்தக் கோட்டின் மேல்தான் நின்றன.

கணவர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அக்காவின் விஷயம் தெரிந்ததிலிருந்து அவர் அதிகம் பேசவில்லை.

"இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு லிஃப்ட் நல்லா ஓடும்னீங்களே. அப்புறம் நீங்க எப்படித்தான் கண்டுபிடிப்பீங்க?"

"சொல்லாம ஒரு நாள் போய் ஏறிப் பார்ப்பேன்" என்றார். "அக்காவுக்கு நீ அப்படித்தான் கண்டுபிடிச்சே."

அந்தக் கோடு உண்மை என்று இவள் ஊருக்குச் சொன்னால், இன்னும் எத்தனை வீட்டில் மாத்திரை பட்டன் டப்பாவுக்குள் போகும்? மறுநாள் காலையில் பேராசிரியையின் அறையில் போய் நின்று, ஒன்றையும் பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

பேராசிரியை முதலில் நாத்தனார் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தப்பு எனக்கும்தான். அளக்கறதுக்கு முன்னால அவங்க என்ன செய்யறாங்கன்னு நான் கேட்டிருக்கணும்" என்றாள். "இப்ப உங்களுக்கு மார்க் குறையலாம். தேறாமக்கூடப் போகலாம். அதுல நான் தலையிட முடியாது."

"தெரியும் மேடம். பழைய கோட்ட வச்சுப் பேச மட்டும் என்னால ஆகாது."

"அப்ப படிக்கட்டப் பத்திப் பேசுங்க."

எடுத்துச் சொல்லும் நாளில் கூடம் நிறைந்திருந்தது. தேர்வாளர்கள் முன்வரிசையில். கடைசி வரிசையில் கணவர், அவர் பக்கத்தில் நாத்தனார். டாக்டர் கொடுத்த கருவியைக் கட்டிக்கொள்ள வேண்டிய நாளும் அதுவாகவே அமைந்துவிட்டது. வீட்டில் படுத்திருங்கள் என்று டீச்சர் எவ்வளவோ சொல்லியும், வழக்கமான நாள் மாதிரி இருக்க வேண்டும் என்று டாக்டரே சொன்னதாகப் பிடிவாதம் பிடித்து வந்துவிட்டார். டீச்சரின் மேல்கோட்டில் பட்டன் இறுக்கமாக இருந்தது. காலையில் அதைத் தைத்துக்கொடுக்கும்போது, "என் பேரு எதுவும் வராதுல்ல?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

டீச்சர் வரைபடத்தின் கோட்டைக் காட்டினாள். எவ்வளவு அழகாக இறங்குகிறது என்று காட்டினாள். பிறகு அது ஏன் பொய் என்று சொன்னாள். அளக்கப்படுகிறவர்கள் தம்மை அளப்பவர் மேல் பிரியமாக இருந்தால் எண் எப்படி மாறும் என்பதைச் சொன்னாள். படிக்கட்டின் அமைதியைச் சொன்னாள். நீள மூச்சு அந்த நேரத்துக்கு அழுத்தத்தை இறக்குகிறது, தன் ஆய்வில் உறுதியாகத் தெரிந்தது அவ்வளவுதான், நிரந்தரமாக இறக்குகிறதா என்பது தனக்கு இன்னும் தெரியாது என்றாள். மாத்திரையை நிறுத்திய ஒருவரைப் பற்றி, பெயர் சொல்லாமல் சொன்னாள். "ஆய்வுல யாரச் சேர்க்க மாட்டோம்னு சொல்றோமோ, அவங்களுக்கும் சேர ஆசை இருக்கும்ங்கறத நான் நினைச்சே பார்க்கல. அந்தத் தப்புக்கு ஒரு உயிரே போயிருக்கும்" என்றாள்.

மூத்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கடைசி வரிசையிலிருந்து 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். நாத்தனாரின் கைப்பட்டை உப்பிக்கொண்டிருந்தது. அளக்கும் நேரம். இத்தனை கண்கள் தன்னைப் பார்ப்பதைக் கண்ட நாத்தனார் பழக்கதோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார், கண்ணை மூடிக்கொண்டார், நெஞ்சு நிறைய இழுத்து, உதட்டைக் குவித்து நீளமாக விட ஆரம்பித்தார். மேடையில் நிற்பவளின் மானத்தைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

"அண்ணி," என்றாள் மூச்சு டீச்சர் ஒலிபெருக்கியில், தேர்வாளர்களை மறந்து, கூட்டத்தை மறந்து. "எனக்காக வேண்டாம் அண்ணி. சாதாரணமா மூச்சு விடுங்க."

நாத்தனார் கண்ணைத் திறந்தார். மேடையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், தன் கையைப் பிடித்திருந்த பட்டையைப் பார்த்தார். குவித்த உதட்டை மூடினார். பிறகு யாருக்காகவும் இல்லாமல், சும்மா மூச்சு விட்டார்.